முதல் நாளே 32 காயும் வேண்டாம்

பள்ளிக்கூடத்துக்கு முழுப் பரீட்சை லீவு விட்டதும் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சின்னப் பிள்ளைக்குச் செஸ் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ஹார்விபட்டியில் என் வீட்டு வராந்தாவில் சாயங்காலம் கூடுகிற கூட்டமும் ஐந்து, ஆறு வயதுக் கூட்டம்தான். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேலூர் வாசகி: டீச்சர், குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு மகனையும் செஸ்ஸில் விட வேண்டும் என்று ஆசை. பையனுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் காயையும் அடுக்கி வைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். அவன் நாலு குதிரையையும் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் பந்தயம் விடுகிறான். "இவனுக்கு இது ஏறாது" என்கிறார் இவர். வயசு பத்தாதா, மூளை பத்தாதா?

ரெண்டும் பத்தும் தாயீ. பத்தாதது உங்கள் வீட்டுக்காரரின் பொறுமை. ஆறு விதமான காய், ஆளுக்கொரு நடை. சிப்பாய்க்கு மட்டும் நடை நேராக, வெட்டு குறுக்காக. அதற்கு மேல் செக், மேட், காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது). இத்தனையையும் ஒரே மணி நேரத்தில் கொட்டினால் ஐந்து வயதுப் பிள்ளை குதிரையோடு கட்டிலுக்கு அடியில் போய்விடத்தான் செய்வான். ஆனந்த் தன் அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்றது ஆறு வயதில். குகேஷ் ஆரம்பித்தது ஏழு வயதில். உங்களுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது.

குதிரைகளை அவனிடமே விட்டுவிடுங்கள். மற்றக் காய்களையும் பெட்டியில் போட்டு, சிப்பாய்களை மட்டும் வெளியே எடுங்கள். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு, வழக்கமான இடத்தில். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க் கடைசிக்குப் போய்ச் சேருகிறதோ அவருக்கு வெற்றி. எல்லாம் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் டிரா. அவ்வளவுதான் ஆட்டம். ஐந்து நிமிஷத்தில் முடியும், உடனே "இன்னொரு ஆட்டம்" என்பான். சின்னப் பிள்ளைக்கு வேண்டியது இதுதான்: ஆட்டம் என்று ஒன்று தொடங்க வேண்டும், முடிய வேண்டும், யாராவது ஜெயிக்க வேண்டும். பாடம் மட்டும் நடந்து ஆட்டமே முடியாமல் போனால் அவனுக்கு அது டியூஷன்.

எங்க அப்பா மில் தொழிலாளி. ஷிஃப்ட் முடிந்து வந்து அவர்கள் ஆடிய நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இன்றைய விதி அப்படி இல்லை; முதல் தடவை மட்டும் இரண்டு கட்டம் போகலாம். வீட்டில் தாத்தா பழைய விதியும் அப்பா புது விதியும் சொன்னால் பிள்ளை குழம்பும். பெரியவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

சிப்பாய் ஆட்டம் அவனுக்குச் சலிக்கிற அன்றைக்கு ராணியைக் கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் தனி ராணி, இன்னொரு பக்கம் எட்டுச் சிப்பாய். ராணி எல்லாரையும் வெட்டிவிட்டால் ராணிக்கு ஜெயம். ஒரு சிப்பாய் தப்பித்துக் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் சிப்பாய்களுக்கு ஜெயம். எல்லாப் பிள்ளையும் ராணிதான் வேண்டும் என்று கேட்கும். ஆசைப்பட்டு ஒவ்வொன்றாக வெட்டப் போகும்போது ஓரத்தில் ஒன்று நழுவிப் போய்விடும். அப்போது அவன் முகத்தைப் பாருங்கள். ஒரு காயை நகர்த்தும் முன் பலகை முழுவதையும் பார்க்க வேண்டும் என்று நான் வாயால் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது அங்கே ஏறிவிடும்.

குதிரைக்குப் பொட்டுக்கடலை. பலகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடலையை வையுங்கள். குதிரை போய் நின்ற கட்டத்தில் இருக்கிற கடலை அவன் வாய்க்கு. மூலையில் நிற்கிற குதிரைக்குப் போக இரண்டே கட்டம், நடுவில் நிற்பதற்கு எட்டுக் கட்டம். இதை நீங்கள் சொல்லவே வேண்டாம். பசியில் அவனே கண்டுபிடிப்பான். யானையும் மந்திரியும் ஆளுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

ராஜா கடைசியில். மற்ற எல்லாக் காயையும் வெட்டலாம், ராஜாவை மட்டும் வெட்டக் கூடாது, ஆனால் ஆட்டமே அவரைப் பிடிப்பதற்குத்தான் என்பது சின்னத் தலைக்கு விசித்திரமான சங்கதி. ராஜா மேல் குறி விழுந்தால் அது செக். செக் வந்தால் மூன்று வழி: விலகு, நடுவில் மறை, செக் கொடுத்தவனை வெட்டு. மூன்றும் இல்லையென்றால் மேட். இரண்டு யானையை வைத்துத் தனி ராஜாவை ஓரத்துக்கு விரட்டி மேட் பண்ணச் சொல்லிக் கொடுங்கள். ஒரு யானை ஒரு வரிசையை அடைக்கும், மற்றது அடுத்த வரிசையில் செக் சொல்லும். அது கைக்கு வந்த பிறகு 32 காயையும் அடுக்கலாம். காஸ்லிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செக் இல்லாமலே நகர வழியில்லாமல் டிரா ஆவது ஸ்டேல்மேட். அது ஆட்டத்தில் தானாக வரும், வருகிற அன்றைக்குச் சொன்னால் போதும்.

திருமங்கலம் வாசகர்: அம்மா, நான் ஓய்வு பெற்றவன். பேரனுக்கு ஏழு வயது. தோற்றால் காய்களைத் தட்டிவிட்டு அழுகிறான். "பெரியவங்க விட்டுக்கொடுத்தா என்ன குறைஞ்சு போகும்?" என்கிறாள் என் மருமகள். தெரியாத மாதிரித் தோற்றுக் கொடுக்கலாமா? நான் சிறு வயதில் ஊர்ப் பாறையில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவன். செஸ் பின்னால் கற்றது.

ஐயா, தெரியாத மாதிரித் தோற்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். நீங்கள் ராணியைக் கொண்டுபோய் அவன் சிப்பாய்க்கு முன்னால் வைத்துவிட்டு "அய்யோ, பார்க்கலையே" என்று நெற்றியில் அடித்துக்கொள்வதை எத்தனை நாளைக்கு நம்புவான்? தெரிந்த அன்றைக்கு, அதுவரை ஜெயித்த அத்தனை ஆட்டமும் அவனுக்குச் செல்லாக்காசு.

விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் வெளிப்படையாக. ஆட்டம் தொடங்கும் முன்பே உங்கள் ராணியை எடுத்துப் பலகைக்கு வெளியே வையுங்கள். "தாத்தா ராணி இல்லாம ஆடுறேன், நீ முழுப் படையோட வா" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு உங்கள் முழு மூளையையும் போட்டு ஆடுங்கள், ஒரு இம்மியும் விடாதீர்கள். ராணி 9 மதிப்பு, யானை 5, மந்திரியும் குதிரையும் மும்மூன்று, சிப்பாய் 1. ராணி இல்லாத தாத்தாவை அவன் அடிக்கடி ஜெயிக்க ஆரம்பித்தால் ராணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு யானையை வெளியே வையுங்கள். அப்புறம் யானைக்குப் பதில் குதிரை. தான் வளர்வதை அவனே கண்ணால் பார்ப்பான், பொய்யும் இல்லை.

என் வராந்தாவில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெரியவரோடு ஆடும்போது பிள்ளை ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை "திருப்பு" என்று கேட்கலாம். கேட்டால் பலகையைத் திருப்பிவிட வேண்டும். அவன் பட்ட பாடு உங்களுக்கு, உங்கள் நல்ல நிலைமை அவனுக்கு. எப்போது கேட்பது என்று யோசிப்பதற்காகவே யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்க்கப் பழகிவிடுவார்கள். உங்களுக்கும் ஆட்டம் சுவாரசியமாக இருக்கும்.

அழுகையைப் பற்றி: அழட்டும். "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று யாரும் குறுக்கே வர வேண்டாம். காயைத் தட்டிவிட்டால் மட்டும் அன்றைக்கு ஆட்டம் அத்தோடு சரி. ஆட்டம் முடிந்ததும் கை கொடுக்க வேண்டும். காய்களைப் பெட்டியில் அடுக்குவது ஜெயித்தவர் வேலை. தோற்றவனையே அடுக்கவும் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆடுபுலியை ஏன் விட்டீர்கள்? சாக்பீஸால் முற்றத்திலேயே கோடு போட்டு இறங்குங்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி தாண்டி வெட்டும், ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. கூட்டமாக நின்று புலியை அடைக்கத்தான் தெரியும். மேலே மேலூர் அம்மாவுக்குச் சொன்ன ராணி, எட்டுச் சிப்பாய் ஆட்டத்துக்கு இது பெரியம்மா முறை. ஒரு தடவை புலி, ஒரு தடவை ஆடு என்று மாறி மாறி ஆடிய பிள்ளைக்கு, தாத்தா ராணி இல்லாமல் உட்காருவது அதிசயமாகவும் தெரியாது, அவமானமாகவும் தெரியாது.

உசிலம்பட்டி வாசகர்: செஸ் ஆடினால் கணக்கில் மார்க் கூடும் என்கிறார்கள். மகள் நாலாம் வகுப்பு, கணக்கு சுமார். சேர்த்துவிடலாமா?

கணக்குக்காக என்றால் கணக்கையே சொல்லிக் கொடுங்கள் தம்பி. இங்கிலாந்தில் 100 பள்ளிக்கூடங்களை எடுத்து, பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 30 வாரம் செஸ் வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. வகுப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கணக்குத் தேர்வு வைத்தபோது, செஸ் கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செஸ் வகுப்பு நடத்துகிற நானே இதைச் சொல்வது என் பிழைப்புக்கு நல்லதில்லைதான். மகளுக்கு ஆட்டம் பிடித்தால் சேருங்கள். மார்க் வரவில்லை என்று ஆறு மாதத்தில் நிறுத்துவதாக இருந்தால் சேர்க்காதீர்கள்.

வாடிப்பட்டி வாசகி: என் மகனைப் பக்கத்து வீட்டுப் பையன் நாலே நகர்வில் மேட் பண்ணிவிடுகிறான். தினமும் இதே கதை. என்ன செய்வது?

அந்தப் பையன் அந்த ஒரு வித்தையைத்தான் படித்திருக்கிறான். உங்கள் மகனின் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் மந்திரி இருக்கிறாரல்லவா, அவருக்கு முன்னால் நிற்கிற சிப்பாயைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போது ராஜாவைத் தவிர அதற்கு வேறு காவல் கிடையாது. ராணியும் மந்திரியும் சேர்ந்து அதைத்தான் குறிவைக்கிறார்கள்.

மருந்து எளிது. ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிய பிறகு, ராணிப் பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து அந்தச் சிப்பாய்க்குக் காவல் வைக்கச் சொல்லுங்கள். எதிராளியின் ராணி பலகை ஓரத்துக்கு வந்து நின்றதும், ராஜா பக்கத்துக் குதிரையின் முன்னால் இருக்கிற சிப்பாயை ஒரு கட்டம் தள்ள வேண்டும். ராணிக்கு வழியும் அடைபடும், ராணி மேலேயே அடியும் விழும். அது விலகி, நேர் எதிரே வந்து மந்திரிக்கு முன்னால் நிற்கிற அந்தச் சிப்பாயை மறுபடி குறிவைத்தால், ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து மறைத்தால் போதும். வரிசையை மாற்ற வேண்டாம். முதல் குதிரை வராமலே சிப்பாயைத் தள்ளினால், ராணி நடுச் சிப்பாயை வெட்டிச் செக்கும் சொல்லி, மூலை யானையையும் கொண்டுபோய்விடும்.

ஒரு வாரம் இப்படித் தடுத்தால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அடுத்து என்ன ஆடுவது என்றே தெரியாது. உங்கள் மகன் அதே நாலு நகர்வு வித்தையைத் தெருவில் மற்றப் பிள்ளைகளிடம் காட்டக் கிளம்பினால் தடுத்து வையுங்கள்.

செல்லூர் வாசகி: ஆறு வயது மகள் செல்போனிலேயே செஸ் ஆடுகிறாள், நன்றாகவும் ஆடுகிறாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஆட்டம்" என்று மாமியார் ஒரு பக்கம். போனைப் பிடுங்கவா, விடவா?

மாமியாருக்கு முதலில். ஆனந்துக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தது அவர் அம்மா. பிரக்ஞானந்தா வீட்டில் முதலில் செஸ்ஸுக்குப் போனது அக்கா வைஷாலி, அதுவும் டிவி பார்ப்பதைக் குறைப்பதற்காக. அக்காவைப் பார்த்துத்தான் தம்பி உட்கார்ந்தான். இன்றைக்கு ரெண்டு பேருமே கிராண்ட்மாஸ்டர்.

போனில் ஒரு நிமிஷ, மூன்று நிமிஷ ஆட்டங்களை நிறுத்துங்கள். விரல்தான் ஓடும், கண் ஓடாது. புதிர் போடட்டும், அது நல்லது. ஆனந்த் குடும்பம் மணிலாவில் இருந்தபோது அங்கே டிவியில் மத்தியானம் செஸ் புதிர் வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா அதைக் குறித்து வைப்பார், சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசாகப் புத்தகம் வாங்கி வாங்கி, கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லும் அளவுக்குப் போனதாம். நீங்களும் போனில் வரும் புதிரை அசல் பலகையில் அடுக்கி, மகளோடு உட்காருங்கள். விடை உங்களுக்குத் தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது.

திருப்பரங்குன்றம் வாசகர்: எப்போது போட்டிக்கு அனுப்பலாம்? ரேட்டிங் எப்போது வரும்?

தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்ற விதிக்கு அவன் முகம் சுளிக்காமல் கட்டுப்பட்டால், தனி ராஜாவை இரண்டு யானையால் யார் உதவியும் இல்லாமல் மேட் பண்ணினால், அனுப்பலாம். முதல் போட்டி அக்கம்பக்கத்தில் இருக்கட்டும், சாப்பாடு வீட்டிலிருந்து போகட்டும். ரேட்டிங், அதாவது போட்டி முடிவுகளை வைத்து ஆட்டக்காரருக்குத் தரும் எண், அதைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். 2024 மார்ச்சிலிருந்து 1400-க்குக் கீழே ரேட்டிங் கிடையாது, அதை எட்டும்போது தானாக வரும். பிள்ளை ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்காமல் இருக்க முடிந்தால் நீங்களும் கூடப் போகலாம். முடியாது என்றால் அவன் அம்மாச்சியை அனுப்புங்கள்.

அலங்காநல்லூர் வாசகி: கண்ணாடியில் செய்த செஸ் செட் பரிசாக வந்தது. பிள்ளை அதிலேயே பழகலாமா? ஏற்கனவே ஒரு சிப்பாய் காணோம்.

கண்ணாடி செட்டை ஷோகேஸில் வையுங்கள். அதில் மந்திரிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் எனக்கே தெரியாது. சுருட்டி வைக்கிற ரெக்ஸின் பலகையும் பிளாஸ்டிக் காயும் வாங்குங்கள். ராஜா ஒன்பதரை சென்டிமீட்டர் உயரம், கட்டம் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் வரை இருந்தால் போட்டியில் வைக்கிற அளவே வீட்டிலும் பழகிவிடும். காயின் அடிப்பாகம் கனமாக இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள், ஃபேன் காற்றில் சாயக் கூடாது. விரிக்கும்போது ஆடுகிறவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும், வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்தில். அதிலும் சிப்பாய் தொலையும். அப்போது ஒரு புளியங்கொட்டை போதும்.