கணக்கு மேடை: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: ந² + ந + 41 என்ற கோவையில் 0 முதல் 30 வரை எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து எங்கள் மாணவர் குழுவில் பதிந்தேன். வந்தவை எல்லாமே பகா எண்கள். “இது நிரூபணம் ஆகாது” என்று நண்பன் ஒரே வரியில் முடித்துவிட்டான். எத்தனை எண்கள் வரை பார்த்தால் போதும்?

பதில்: நண்பர் சொன்னது சரிதான். ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். கணிதவியலாளர் ஆய்லர் ஆராய்ந்த இந்தக் கோவை 39 வரை பகா எண்ணையே தரும். 40-இல் உடைந்துவிடும்: 40² + 40 என்பது 40 × 41, அதோடு ஒரு 41 சேர்ந்தால் 41 × 41, அதாவது 1681. ந = 41 என்று போட்டால் மூன்று உறுப்புகளுமே 41-ஆல் வகுபடும் என்பது பெருக்காமலே தெரிகிறது. கோவையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் 31 எண்களைச் சோதிக்கும் உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

இதைவிடச் சீக்கிரமே ஏமாற்றும் புதிர் ஒன்று உண்டு. வட்டத்தின் மேல் சில புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு இரண்டையும் நாணால் இணையுங்கள். 1, 2, 3, 4, 5 புள்ளிகளுக்கு வட்டம் முறையே 1, 2, 4, 8, 16 பகுதிகளாகப் பிரியும். அடுத்தது 32 என்று கை தானாக எழுதும், வருவதோ 31. ஏன் என்று கேட்டால்தான் நிரூபணத்துக்குள் நுழைகிறோம். புதிதாக வரையும் ஒவ்வொரு நாணும் ஒரு பகுதியைக் கூட்டுகிறது. ஏற்கெனவே உள்ள நாண்களை அது வெட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் இன்னொரு பகுதி கூடுகிறது. ஆகவே மொத்தம் = 1 + நாண்கள் + வெட்டும் புள்ளிகள். இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தால் ஒரு நாண். நான்கைத் தேர்ந்தால் ஒரே ஒரு வெட்டும் புள்ளி. 6 புள்ளிகளில் இரண்டைத் தேர 15 வழி, நான்கைத் தேரவும் 15 வழி. 1 + 15 + 15 = 31.

இந்தப் புதிரைக் குழுவில் போட்டால் யாராவது “எனக்கு 30 வருகிறது” என்பார். அவர் எண்ணியதில் பிழை இருக்காது. ஒழுங்கு அறுங்கோணமாகப் புள்ளிகளை வைத்திருப்பார்; அதில் மூன்று நாண்கள் மையத்தில் ஒரே புள்ளியில் சந்திப்பதால் அங்கே இருக்க வேண்டிய குட்டி முக்கோணம் மறைந்துவிடுகிறது. “எந்த மூன்று நாண்களும் உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்கக் கூடாது” என்ற நிபந்தனையைக் கேள்வியிலேயே எழுதிவிட்டால் இந்தச் சண்டை வராது.

கேள்வி: “எந்த ந பந்துகளை எடுத்தாலும் அவை ஒரே நிறம்” என்று கணிதத் தொகுத்தறிதல் மூலம் (முதல் எண்ணுக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்று காட்டும் முறை) ஒருவர் நிரூபித்திருக்கிறார். ஒரு பந்துக்கு இது உண்மை. ந பந்துகளுக்கு உண்மை எனக் கொண்டு, ந + 1 பந்துகளை வரிசையாக வைக்கிறார். கடைசிப் பந்தை விட்டால் மீதி ந பந்துகளும் ஒரே நிறம். முதல் பந்தை விட்டாலும் அப்படியே. நடுவில் உள்ளவை இரண்டு கூட்டத்திலும் இருப்பதால் எல்லாம் ஒரே நிறம் என்கிறார். பிழை எங்கே?

பதில்: “என்னிடம் சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் இருக்கிறதே” என்று பலர் பதில் எழுதுவார்கள். முடிவு தவறு என்பதை அது காட்டுகிறது. எந்த வரி உடைந்தது என்பதைக் காட்டவில்லை. “நிரூபிக்க வேண்டியதையே உண்மை எனக் கொண்டுவிட்டார்” என்பதும் சரியான குற்றச்சாட்டு ஆகாது. ந-க்கு உண்மை எனக் கொள்வது தொகுத்தறிதலின் முறையான படி.

உடைந்த சொல் “நடுவில்”. ந = 1 என்று அந்தப் படியில் போடுங்கள். இரண்டே பந்துகள். கடைசியை விட்டால் முதல் பந்து மட்டும், முதலை விட்டால் கடைசிப் பந்து மட்டும். நடுவில் எதுவுமே இல்லை, இரு கூட்டங்களையும் இணைக்க ஆளில்லை. 2-லிருந்து 3, 3-லிருந்து 4 என்று போகும் எல்லாப் படிகளும் குறையற்றவை. எந்த இரண்டு பந்துகளும் ஒரே நிறமாக இருந்தால் உலகத்துப் பந்துகள் எல்லாம் ஒரே நிறம்தான்! ஏணியில் ஒரே ஒரு படி இல்லை, அதுவும் முதல் படி.

பிறர் எழுதிய தொகுத்தறிதலைச் சரிபார்க்கும்போது பொதுவான படியில் மிகச் சிறிய எண்ணைப் போட்டு ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். பெரும்பாலான ஓட்டைகள் அங்கேயே தெரியும். பிழை கண்டதும் முழுவதையும் தூக்கி எறிய வேண்டாம். ஒட்டியுள்ள பகுதிகள் ஒரே வண்ணம் பெறாமல் எந்த வரைபடத்துக்கும் வண்ணமிட நான்கு வண்ணங்கள் போதும் என்று கணிதவியலாளர் கெம்ப் 1879-இல் தந்த நிரூபணத்தில் இருந்த ஓட்டையை 1890-இல் இன்னொரு கணிதவியலாளர் ஹீவுட் கண்டுபிடித்தார். அதே முறையைக் கொண்டே ஐந்து வண்ணங்கள் போதும் என்று அவர் நிரூபித்தும் காட்டினார்.

கேள்வி: கைபேசியில் கணக்கைத் தட்டச்சு செய்தால் ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பதில்: அடைப்புக்குறியில் கஞ்சத்தனம் வேண்டாம். 1/2க என்பது க-வில் பாதியா, 2க-வின் தலைகீழா? (1/2)க அல்லது 1/(2க) என்று எழுதுங்கள். 2^3^2 (^ என்பது அடுக்குக் குறி) என்பதை 2^(3^2) என்று படிப்பவர் 512 என்பார், (2^3)^2 என்று படிப்பவர் 64 என்பார். தாளில் எழுதிப் படமெடுத்துப் போடுவதானால் வரிகளுக்கு எண் இடுங்கள். “4-ஆம் வரி புரியவில்லை” என்று கேட்பது எளிதாகும்.

கேள்வி: விடையைப் போட்டு உடைக்காமல் குறிப்பு மட்டும் கொடுப்பது எப்படி? எதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிய சதுரங்கப் பலகையை 31 டாமினோக்களால் (பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டை மூடும் சில்லுகள்) மூடும் புதிரில் ஒரு தோழி மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

பதில்: முதலில் அவர் எதுவரை வந்திருக்கிறார் என்று கேளுங்கள். “நிறைய விதமாக வைத்துப் பார்த்தேன், வரவில்லை” என்றால், முடியாது என்பதற்கு ஒரு காரணம் தேவை என்பதை மட்டும் சொல்லுங்கள். அடுத்த குறிப்பு ஒரு கேள்வியாக இருக்கட்டும்: “ஒரு டாமினோ எந்தெந்த நிறக் கட்டங்களை மூடும்?” அதிலேயே பலருக்கு விளங்கிவிடும். இல்லையென்றால் வெட்டிய மூலைகளின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நிறம். மீதி 32-ம் 30-ம். ஒவ்வொரு டாமினோவும் நிறத்துக்கு ஒரு கட்டம் மூடுவதால் 31-ஆலும் மூட வழியில்லை. ஒரு குறிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள், புதிர் அவருடையது.

அவர் முடித்ததும் இதைக் கொடுங்கள்: வெவ்வேறு நிறத்தில் ஏதாவது இரண்டு கட்டங்களை வெட்டினால் எப்போதும் மூட முடியுமா? முடியும். பக்கத்துக் கட்டத்துக்கு மட்டுமே நகர்ந்து 64 கட்டங்களையும் ஒருமுறை தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதை ஒன்றை வரையச் சொல்வது இதற்கான குறிப்பு.

கேள்வி: முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் புதிய பகா எண் கிடைக்கும், எனவே பகா எண்கள் முடிவிலி என்று எழுதினேன். தவறு என்கிறார்கள்.

பதில்: முடிவு சரி, நடு வரி தவறு. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031; இது 59 × 509. பெருக்கி 1 கூட்டிய எண் பகா எண்ணாக இருக்க வேண்டிய தேவையில்லை. அதன் பகாக் காரணி எதுவும் உங்கள் பட்டியலில் இருக்காது, ஏனெனில் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1. இங்கே 59-ம் 509-ம் பட்டியலுக்கு வெளியே இருப்பவை. “புதிய பகா எண் கிடைக்கும்” என்பதை “அந்த எண்ணின் பகாக் காரணி ஒவ்வொன்றும் புதியது” என்று மாற்றுங்கள், நிரூபணம் உறுதியாக நிற்கும்.