இணையத்தில் எடுத்த தகவலுக்குக் கட்டுரையில் லிங்க் மட்டும் போட்டால் போதாதா?

போதாது. கேட்ட விதத்தைப் பார்த்தால் வளாகத்தில் முதலாம் வருடம், ஒப்படை கொடுக்க ஓரிரு நாள்தான் மிச்சம் போலிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ‘உசாத்துணை’ என்று தலைப்புப் போட்டு லிங்குகளை வரிசையாக ஒட்டிவிட்டால், எந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று திருத்துகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வசனம் முடிகிற இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் வரவேண்டும். உசாத்துணையில் அதற்குரிய வரி அதே பெயரில் தொடங்க வேண்டும்.

நான் சொல்வது ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பு. ஹார்வர்ட் கேட்கும் துறைகளும் உண்டு, அதில் பக்கத்தைப் பார்த்த திகதியும் சேரும். (கமாவுக்குச் சண்டை பிடிக்க வருகிறவர்கள் தங்கள் துறைக் கையேட்டோடு வரவும்.) எழுதியவர், ஆண்டு, பக்கத்தின் தலைப்பு, தளத்தின் பெயர், முகவரி. ஏபிஏயில் உசாத்துணை வரிக்கு இதுதான் ஒழுங்கு. ஆள் பெயர் இல்லாவிட்டால் வெளியிட்ட நிறுவனம் அந்த இடத்துக்கு வரும். 2012இல் இலங்கையின் சனத்தொகை 20,359,439 என்று எழுதினால், எழுதியவர் இடத்தில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். திகதியே இல்லாவிட்டால் ‘தி.இ.’ என்று போடுங்கள். பக்கத்தின் அடியில் கிடக்கும் பதிப்புரிமை ஆண்டைத் தூக்கிப் போடாதீர்கள். பல தளங்களில் அது ஜனவரி பிறந்ததும் தானாக மாறும் இலக்கம். வசனத்தை அப்படியே எடுத்தால், பக்க எண் இல்லாத இடத்தில் பந்தியை எண்ணி ‘பந்தி 4’ என்று காட்டலாம்.

உசாத்துணை செய்துதரும் தளங்களை நம்பி இருந்துவிடாதீர்கள். கார்த்திகேசு சிவத்தம்பி என்று கொடுத்தால் ‘சிவத்தம்பி, கா.’ என்று வரவேண்டும். தமிழ் எழுத்தைச் சரியாக வெட்டத் தெரியாத கருவி அரவைக் கழற்றிவிட்டு ‘க.’ என்று தரும்.

தமிழில் படிக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது, ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் எடுத்த ஸ்கான் புத்தகங்களில்தான். அங்கே உங்கள் மூலம் அந்த அச்சுப் புத்தகம், தளம் அதை வைத்திருக்கும் அலுமாரி மட்டும். ஆகவே புத்தகம் அச்சான ஆண்டும் பதிப்பகமும் வேண்டும், தளத்தில் ஏற்றிய ஆண்டு வேண்டாம். முகவரியைக் கடைசியில் சேருங்கள். பக்க எண்ணிலும் கவனம். பிடிஎஃப் மேலே 37 என்று காட்டும். அது அட்டை, அணிந்துரை, பொருளடக்கம் எல்லாம் சேர்த்து எண்ணியது. படத்துக்குள் தாளின் மூலையில் 25 என்று அச்சாகியிருந்தால் 25தான் எழுத வேண்டும்.

பழைய பிடிஎஃப் சில, யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும். அதிலிருந்து கொப்பி பண்ணினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வந்து விழும். யூனிகோட் மாற்றியில் போட்டெடுத்து, மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

விக்கிப்பீடியா வேண்டாம் என்று விரிவுரையாளர் சொன்னால் விவாதிக்க வேண்டாம். அடிக்குறிப்பில் இருக்கும் மூலத்தைத் திறந்து வாசித்துவிட்டு அதையே காட்டுங்கள். வாசிக்காமல் அந்த அடிக்குறிப்பை மட்டும் சுட்டுப் போடுவது களவு. விக்கியைத்தான் காட்டவேண்டி வந்தால், பக்க வரலாற்றில் நீங்கள் பார்த்த பதிப்பைத் திறந்து அதன் நிலையான முகவரியை எடுங்கள். பக்கம் பிறகு மாறினாலும் அந்தப் பதிப்பு அப்படியே இருக்கும். தமிழ்த் தலைப்புள்ள முகவரியை வேர்டில் ஒட்டினால் ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஒன்பது குறியாக வெடித்து மூன்று வரிக்கு ஓடும் தொல்லை இதிலும் இருக்கும்.

அரசாங்கத் தளங்களைப் புதுப்பித்தால் பழைய முகவரிகள் செத்துப்போவது வழக்கம். வாசிக்கிற அன்றே, இணையப் பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பக்கத்தைச் சேமித்து, அந்த முகவரியையும் குறித்து வையுங்கள். சாட்ஜிபிடி தந்த உசாத்துணை என்றால் கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். சில வேளை ஒன்றுமே வராது, அல்லது சம்பந்தமில்லாத வேறொரு கட்டுரை திறக்கும்.

இவ்வளவையும் பிள்ளைகளிடம் கேட்கும் துறைகள் தாங்கள் கொடுக்கும் விரிவுரைக் குறிப்புகளில் மூலம் போடுகின்றனவா? பாதிக் குறிப்பில் படமும் அட்டவணையும் எங்கிருந்து வந்தன என்றே இருக்காது. தமிழ்மொழி மூல மாணவருக்கு ஆங்கிலக் கையேட்டைக் கையில் கொடுத்துவிட்டு, உசாத்துணை பிழை என்று புள்ளி வெட்டுவார்கள். தமிழில் ஒரேயொரு மாதிரித் தாள் அடித்துக் கொடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?