எடிட்டிங்கும் இசையும் தெரியும். ஊர்ப் போராட்டத்துக்கு எப்படி உதவலாம்?

"வீடியோ எடிட்டிங் தெரியும், கொஞ்சம் பாட்டும் கட்டுவேன். எங்கள் பகுதி மாசு எதிர்ப்புப் போராட்டத்துக்கு இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். எண்ணூர்ப் பக்கத்து மீனவ ஊர்களுக்குச் சில வருடங்களாக என்னால் ஆனதைச் செய்து தருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: பாட்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். போராடுகிறவர்களிடம் போய், என்ன பதிவு தேவைப்படுகிறது என்று கேளுங்கள்.

பாட்டுக்குப் பலம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கொடைக்கானலில் யூனிலீவரின் பாதரச தெர்மாமீட்டர் ஆலை விட்டுச்சென்ற மாசைப் பற்றி, 2015 ஜூலையில் ராப் பாடகி சோபியா அஷ்ரஃபின் 'கொடைக்கானல் வோண்ட்' பாட்டு வந்தது. சில நாட்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், யூனிலீவரின் தலைமை அதிகாரியே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் ஆலை மூடப்பட்டது 2001-இல். இடைப்பட்ட காலம் முழுக்க அந்தத் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து நோய் விவரங்களைத் திரட்டினார்கள், உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்கள். பாட்டு வந்த நேரத்தில் கோரிக்கை கையில் தயாராக இருந்தது. அதனால்தான் அது காரியத்தில் முடிந்தது. பாதரசம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்கிற விஷயம் இழுத்துக்கொண்டே போனதால், 2018-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவோடு சேர்ந்து சோபியா இன்னொரு பாட்டும் பாட வேண்டியிருந்தது.

சரி, பதிவுக்கு வருவோம். பெரிய திட்டங்களுக்கு நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முழுவதையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீடியோ எடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. இருந்தாலும் ஊர்த் தரப்பில் ஒரு கேமரா கட்டாயம் நிற்கட்டும். பந்தலில் கேமரா மைக்கை நம்பினால் ஒலிபெருக்கியின் எதிரொலிதான் மிஞ்சும். மைக் செட் அண்ணனிடம் முன்கூட்டியே பேசி, மிக்சரிலிருந்து கேமராவுக்கு நேராக ஒரு ஒலி லைன் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் எந்த நிமிடத்தில் எந்த ஊர்க்காரர் என்ன பேசினார் என்று ஒரு தாளில் எழுதி, வீடியோவோடு சேர்த்து வக்கீலிடம் கொடுங்கள். நீங்கள் கட்டும் எந்தப் பாட்டையும் விட அவருக்கு அந்தத் தாள் உதவும்.

அசல் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், எடுத்த இடம், நேரம் பற்றிய விவரமும் போய்விடும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது அதற்கான சான்றிதழும் கேட்கிறது. அதனால் யார், எந்த போனில், எந்தத் தேதியில் எடுத்தார் என்பதை அன்றைக்கே குறித்துவிடுங்கள்.

முகம் விஷயத்தில் ரொம்பவே கவனம் வேண்டும். எந்த ஆலையை எதிர்த்து ஒருவர் பேசுகிறாரோ, அதே ஆலையில் அவர் தம்பி கான்ட்ராக்ட் வேலையில் இருப்பான். கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் ஒரு அக்கா என்னிடம், "என் மூஞ்சிய எதுக்குப்பா எடுக்குற, கைய எடு" என்றார். நகக்கண் முழுக்க அனல்மின் நிலையச் சாம்பல், விரலெங்கும் சிப்பி கீறிய கோடுகள். சேற்றுக்குள் துழாவும் அந்தக் கைகளை மட்டும் எடுத்தேன். மேலே இசை சேர்க்கவில்லை. தண்ணீர் அலம்பும் சத்தமே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர்க்காரர்கள் அதிகாரிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்.

அப்புறம் பாட்டு. வட சென்னையில் கானா பாடும் பையன்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் யாராவது இருப்பார்கள். அவர்களைப் பாடச் சொல்லி, ஒலிப்பதிவையும் மிக்ஸிங்கையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டு ஆட்டோவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலும் மலிவு போனிலும்தான் ஒலிக்கப்போகிறது. ஹெட்போனில் கேட்டுத் திருப்திப்படாமல் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். தாளத்தில் சொல் மூழ்கினால் தாளத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சினிமா மெட்டு வேண்டாம். யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்து, கூட்டத்துக்கு முந்தின நாள் பார்த்து வீடியோ முடங்கிவிடலாம்.

படம் பிடிக்கும்போது இடத்தைக் காட்டுங்கள். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடி 2017 ஜனவரியில் வந்த சென்னை புறம்போக்குப் பாடலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கச்சேரி மேடையை விட்டுவிட்டு, அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கிடக்கும் எண்ணூரிலேயே போய் எடுத்தார்கள். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத சபா ரசிகர்கள் கர்நாடக ராகத்தில் சென்னைப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கொசஸ்தலை ஆற்றையும் பார்த்தார்கள்.

எடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி ஊரிலேயே இருக்கட்டும். உங்களுக்கு வேலை, குடும்பம் என்று ஆயிரம் இருக்கும், அழைத்த நேரத்துக்கெல்லாம் போக முடியாது. ஊர்ப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோது, நான் போய்ச் சேர்வதற்குள் படகிலும் வலையிலும் அப்பியிருந்ததை அவர்களே எடுத்து முடித்திருந்தார்கள். போனைப் படுக்கையாகப் பிடி, ஒவ்வொரு ஷாட்டிலும் பத்து எண்ணும்வரை அசையாதே, ஆரம்பத்தில் ஊர்ப் பேரையும் தேதியையும் வாய்விட்டுச் சொல். நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.