கப்பல் நிற்கும் ஊர்

அன்புள்ள ஐயா,

கோவையில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய வாசகர் வட்டம் ஒன்றை நடத்திவருகிறோம். பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். வரும் மே மாதம் இருபத்திரண்டு பேர் சேர்ந்து மத்தியதரைக் கடலில் ஏழு இரவுக் கப்பல் பயணம் போவதாக முடிவாகியிருக்கிறது. பார்சிலோனாவில் ஏறி மார்சே, ரோம், நேப்பிள்ஸ், பலெர்மோ, மால்டாவின் வலெட்டா என்று நாளுக்கு ஓர் ஊர். பிறகு ஒரு நாள் முழுக்கக் கடலில். மறுபடி பார்சிலோனாவில் இறங்குகிறோம். முன்பணம் கட்டியாகிவிட்டது.

இந்த நேரத்தில் எங்கள் நண்பர் ஒருவர், “எட்டு மணி நேரத்தில் ஓர் ஊரில் என்ன பார்த்துவிடுவீர்கள்? அது பயணமே அல்ல. மிதக்கும் லாட்ஜில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவது” என்று சொல்லிவிட்டார். பாதிப் பேருக்கு உற்சாகம் போய்விட்டது. எங்களில் எழுபதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர். முழங்கால் வலிக்காரர்கள் அதற்கும் மேல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ரயில் மாறுவது எங்களால் ஆகாது. கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாக்களில் சேர்வதா, நாங்களாகவே ஊருக்குள் போவதா என்பதிலும் தகராறு. நீங்கள் அந்த ஊர்களைப் பற்றி எழுதியிருப்பதால் கேட்கிறேன். இப்படிப் போவதில் ஏதேனும் பயன் உண்டா?

அன்புடன்,
கே.
கோவை

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். எட்டு மணி நேரத்தில் ரோமைப் பார்க்க முடியாது. ஆனால் வலெட்டாவையும் பலெர்மோவின் பழைய நகரையும் அதே எட்டு மணி நேரத்தில் நிதானமாகவே பார்க்கலாம். அவை துறைமுகத்தை ஒட்டி, துறைமுகத்தால் பிழைத்து வளர்ந்த ஊர்கள். அவற்றுக்குக் கடல்தான் தலைவாசல். விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். ஆகவே கப்பல் பயணத்தில் பயன் உண்டா என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். உங்கள் பட்டியலில் எவை உண்மையான துறைமுக ஊர்கள் என்று கேளுங்கள்.

லாட்ஜ் என்ற கேலிக்கு வெட்கப்பட வேண்டாம். உல்லாசக் கப்பல் பயணம் பிறந்ததே வியாபாரக் கணக்கில்தான். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைவு. சும்மா கிடக்கும் கப்பலை என்ன செய்வது என்று யோசித்த ஹாம்பர்க் கப்பல் நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், 1891 ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியதரைக் கடல் துறைமுகங்களைச் சுற்றிவர அனுப்பினார். அதில் போனவர்கள் 241 பேர். அவர்களையும் அந்தக் காலத்தில் யாராவது கேலி செய்திருப்பார்கள். முழங்கால் வலிக்காரருக்குப் பெட்டியைத் தூக்காமல் ஆறு ஊர் பார்க்கக் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல.

முதலில் உங்கள் ‘ரோம்’. விளம்பரத் தாளில் ரோம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் சிவிதாவெக்கியா என்று இருக்கும். கப்பல் நிற்பது அந்தப் பொடி எழுத்து ஊரில். அங்கிருந்து ரோம் சாலை வழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கப்பல் வந்து மாலை ஏழுக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். இருபத்திரண்டு பேரும் இறங்கி, துறைமுக வாசல்வரை ஓடும் பஸ்ஸைப் பிடித்து, அப்புறம் வேறு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி ரோம் போய்ச் சேரும்போது பத்து மணி ஆகிவிடும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்பதால் மூன்று மணிக்கெல்லாம் திரும்ப வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் கொலோசியத்தை வெளியிலிருந்து பார்ப்பீர்கள், நீரூற்று ஒன்றில் காசு போடுவீர்கள், கழிவறைக்கு வரிசையில் நிற்பீர்கள். ரோமுக்குத் தனியாக மூன்று நாள் ஒதுக்குங்கள், அல்லது இந்தப் பிறவியில் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக நான் சொல்வது தர்க்வீனியா. சிவிதாவெக்கியாவிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். ரோமானியர்களுக்கு முன்பு அந்த நிலத்தை ஆண்ட எத்ருஸ்கர்களின் ஊர். ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் அவர்களுடைய நிலத்தடிக் கல்லறைகள் இருக்கின்றன. படியில் இறங்கிப் போனால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியங்கள். கல்லறை என்றால் அழுகை இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அங்கே விருந்து நடக்கிறது. குழல் ஊதுகிறார்கள், ஆணும் பெண்ணும் அருகருகே சாய்ந்து படுத்து மது அருந்துகிறார்கள், ஒரு சுவரில் மீன் பிடிக்கிறார்கள். கல்லறைக்குக் கல்லறை படி இறங்கி ஏற வேண்டும் என்பதால், முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டு ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நடக்கவே முடியாதவர்கள் சிவிதாவெக்கியாவிலேயே இருக்கட்டும். அதுவும் வெறும் துறைமுகம் அல்ல, டிராஜன் பேரரசர் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது.

யாராவது ரோம் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் அவர்கள் மட்டும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போகட்டும். அதற்கு ஒரே காரணம், அந்த பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். தனியாகப் போய்த் தாமதமானவருக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு அவர் தன் செலவில் போய்ச் சேர வேண்டும். மற்ற ஊர்களில் பெரும்பாலும் துறைமுக வாசலைத் தாண்டினால் ஊர்தான். அங்கே கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஐம்பது பேரோடு நடக்கப் பணம் கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

நேப்பிள்ஸுக்கு வருகிறேன். இந்தப் பயணத்தில் உங்களுக்கென்று எடுத்து வைத்த ஊர் இதுதான். கப்பலிலிருந்து இறங்கி நடந்தால் எதிரே கோட்டை, பக்கத்திலேயே முனிசிபியோ மெட்ரோ நிலையம். அந்த நிலையத்துக்குத் தோண்டியபோதுதான் பழைய ரோமானியத் துறைமுகமும், சேற்றில் புதைந்த ரோமானிய மரக்கலங்களும் வெளிவந்தன. அங்கே ரயில் ஏறி மூன்றாவது நிறுத்தமான ‘மியூசியோ’வில் இறங்கினால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். கி.பி. 79இல் வெசூவியஸ் மூடிய பொம்பேயி நகரின் சிறந்த மொசைக்குகளும் வெண்கலச் சிலைகளும் இங்கேதான் இருக்கின்றன. ஆகவே மே மாத வெயிலில் பொம்பேயியின் கல் பாவிய தெருக்களில் தடுக்கி நடக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இங்கே ‘ரகசிய அறை’ என்று ஒன்று உண்டு. பொம்பேயியில் கிடைத்த காமச் சிற்பங்களை ஒரு காலத்தில் பூட்டி வைத்திருந்த அறை. அங்கே சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் தந்தத்தாலான ஓர் இந்தியப் பெண்ணைக் காண்பீர்கள். கழுத்திலும் கையிலும் நகை, இரு பக்கமும் இரண்டு பணிப்பெண்கள். 1938இல் பொம்பேயியில் ஒரு வீட்டில் கிடைத்தது. கண்டெடுத்தவர்கள் லட்சுமி என்று பெயரிட்டார்கள். யட்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது பிற்கால அறிஞர்கள் கருத்து. பார்த்தவுடன் ‘தமிழகத்துத் தந்தம்’ என்று உங்களில் ஒருவர் கண் கலங்கத் தயாராக இருப்பார். அடியில் இருப்பது பண்டைய வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்து. வடமேற்கு இந்தியாவையோ தக்காணத்தையோ காட்டும் பொருள். கலங்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

கண் கலங்க வேறு இடம் இருக்கிறது. நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் பொட்ஸுவோலி. அன்றைய பெயர் புட்டியோலி. ரோமுக்குப் பக்கத்தில் நல்ல துறைமுகம் இல்லாத காலத்தில் கிழக்கிலிருந்து வரும் சரக்கு இறங்கிய இடம். சேரர் துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியே எகிப்துக்குப் போய், நைல் நதியில் அலெக்சாந்திரியா சேர்ந்து, அங்கிருந்து இத்தாலி வந்தது. அலெக்சாந்திரியக் கப்பல்கள் வரும் நாளில் ஊரே கரையில் கூடி நின்றதையும், மேல்பாயை இறக்காமல் வருவதை வைத்துத் தூரத்திலேயே அவற்றை அடையாளம் கண்டதையும் ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா தன் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். உங்கள் ஊருக்கு அருகே வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் இந்த வியாபாரத்தின் மறுமுனை. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய அகநானூற்றுப் பாட்டைச் சொல்லாமல் உங்கள் குழு ஊர் திரும்பாது என்று எனக்குத் தெரியும். கப்பலின் விருந்துக் கூடத்தில் மைக் பிடித்துச் சொல்ல வேண்டாம், இங்கே சொல்லுங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது பழைய ரோமானியச் சந்தை. செராபிஸ் என்ற எகிப்திய தெய்வத்தின் சிலை கிடைத்ததால் கோயில் என்று வெகுகாலம் தவறாக நினைத்திருந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களின் நடுப்பகுதியில் அம்மைத் தழும்பு போலத் துளைகள். கல்லைக் குடையும் கடல் சிப்பிகள் இட்டவை. சந்தை கட்டிய பிறகு நிலம் தாழ்ந்து தூண்கள் பாதிவரை கடலில் மூழ்கியிருந்து, பிறகு நிலத்தோடு மேலெழுந்திருக்கின்றன. இன்றும் அங்கே தரை மெல்ல உயர்ந்துகொண்டிருக்கிறது, சிறிய நில அதிர்வுகளும் உண்டு. போகும் நாளில் ரயில் ஓடுகிறதா என்று காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலெர்மோவில் ஒரே ஓர் இடத்துக்குப் போனாலும் போதும்: நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலட்டைன் சிற்றாலயம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரோஜர் கட்டியது. மன்னர் வடக்கிலிருந்து வந்த நார்மன் வம்சத்துக் கிறிஸ்தவர். சுவர்களில் கிரேக்க எழுத்துகளோடு பைசாந்திய மொசைக். அண்ணாந்தால் தேன்கூடாய் இறங்கும் மரக்கூரையில் அரபு எழுத்தும் அரபு ஓவியமும். இதே ரோஜருக்காகத்தான் அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி 1154இல் தன் உலகப் புவியியல் நூலையும் வரைபடங்களையும் முடித்துக் கொடுத்தார். துறைமுகம் என்றால் என்ன என்பதை இந்தக் கூரைக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்தால் புரிந்துகொள்ளலாம். தோளை மூடிய உடை வேண்டும். துறைமுகத்திலிருந்து நல்ல தூரம், டாக்ஸி எடுங்கள். திரும்பும்போது பல்லாரோ சந்தை வழியாக வாருங்கள். கடலைமாவைக் கிண்டித் துண்டு போட்டுப் பொரித்த ‘பனெல்லே’ கிடைக்கும். சைவர்கள் தயங்காமல் சாப்பிடலாம்.

வலெட்டா வரும் காலையில் அலாரம் வைத்து எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். இரு பக்கமும் கோட்டைச் சுவர்கள் நெருங்கிவர, பெருந்துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதைக் கப்பலில் வருகிறவர்தான் பார்க்க முடியும். 1565இல் ஒட்டோமான் முற்றுகையைத் தாங்கிய, மால்டாவை ஆண்ட கிறிஸ்தவ மாவீரர் சபை, அடுத்த ஆண்டே இந்த நகரத்துக்கு அடிக்கல் நாட்டியது. கீழிருந்து ஊருக்கு ஏற 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது. புனித ஜான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் தீட்டிய திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியம் இருக்கிறது. அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். வழியும் ரத்தத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். மாவீரர் சபையில் சேர்ந்திருந்த அவரை அதே ஆண்டு அதிலிருந்து விலக்கும் தீர்ப்பையும் இந்த ஓவியம் தொங்கும் கூடத்தில்தான் வாசித்தார்கள்.

மார்சேயில் பழைய துறைமுகத்தைச் சுற்றி நடந்துவிட்டு ஓய்வெடுங்கள். பார்சிலோனாவில் கப்பல் ஏறும் நாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானாலும் கப்பலைத் தவறவிட மாட்டீர்கள், சாந்தா மரியா தெல் மார் தேவாலயத்தையும் பார்க்கலாம். 14ஆம் நூற்றாண்டில் அதற்கான கற்களை மோன்ட்ஜூயிக் குன்றிலிருந்து முதுகில் சுமந்து வந்தவர்கள் துறைமுகக் கூலிகள். வாசற் கதவில் அவர்களுடைய உருவங்கள் இருக்கின்றன.

ஒன்றை உங்கள் நண்பர் கேட்காமல் விட்டுவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் உங்களை விரும்புகிறார்களா? பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் நடுவே நுழைவதற்கு 2021 ஆகஸ்டிலிருந்து தடை. குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. பார்சிலோனா தன் ஏழு முனையங்களை ஐந்தாகக் குறைக்க 2025இல் முடிவு செய்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்கித் தெருவை அடைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிப் போனால் ஊருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? கப்பலில் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறோமே என்று கணக்குப் பார்க்காதீர்கள். மதியம் ஊருக்குள் சாப்பிடுங்கள். இருபத்திரண்டு பேரும் ஒன்றாக நடக்காமல் நான்கைந்து பேராகப் பிரிந்து போங்கள். நீங்கள் வாசகர் வட்டம் என்பதால், ஒவ்வோர் ஊருக்கும் முந்தைய இரவு ஒருவர் அந்த ஊரைப் பற்றி இருபது நிமிடம் பேசும்படி இப்போதே பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். கடலில் கழியும் கடைசி நாள் சண்டை போட உதவும்.

விசா பற்றி ஒரு வரி. உங்கள் துறைமுகங்கள் எல்லாம், ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் வருகின்றன, மால்டாவும் சேர்த்து. கடைசி நேரத்தில் பாதை மாறி, அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் துனிஸ் போன்ற ஊர் நுழைந்தால் சிக்கல் வரும். பலமுறை நுழையும் விசாவாகவே கேளுங்கள். கப்பல் மருத்துவர் கட்டணம் கண்ணைக் கட்டும், மருத்துவக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

எந்தக் கிழமை கப்பல் ஏறுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சனிக்கிழமை ஏறினால் நேப்பிள்ஸ் செவ்வாய்க்கிழமை வருகிறது. அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை, நாள் முழுவதையும் பொட்ஸுவோலிக்குக் கொடுத்துவிடலாம். செவ்வாய்க்கிழமை ஏறினால் வலெட்டா ஞாயிற்றுக்கிழமை வரும், புனித ஜான் பேராலயத்தில் அன்று பார்வையாளர்களை விடுவதில்லை. தேதி கையில் இருந்தால் அனுப்புங்கள்.