வாசகர் கேள்வி – பதில்: மேட்டில் செய்வது பள்ளத்தில் தெரியும்

அவரவர் ஊர் ஏரியையும் கிணற்றையும் அவரவர் பார்த்துக்கொண்டால் போதாதா? பல ஊர்களைச் சேர்த்து வட்டார நீர் மேலாண்மை என்று கூட்டம் போடுவது எதற்கு?

பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் உங்கள் ஏரிக்கு வருவது உங்கள் எல்லைக்குள் பெய்த மழை மட்டும் இல்லையே. மேலே எங்கோ ஒரு சரிவில் மரத்தை வெட்டி மனை போட்டுவிட்டால், முன்பு மண்ணில் ஊறி மெல்ல மெல்லக் கசிந்து வந்த தண்ணீர் இப்போது மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே மூச்சில் ஓடி வரும், நீங்கள் வருஷா வருஷம் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே எந்தெந்த மேட்டில் விழும் மழை உங்கள் ஓடைக்கு வந்து சேர்கிறதோ அந்த நிலம் முழுவதையும், அதாவது வடிநிலம் முழுவதையும், ஒன்றாகப் பார்த்துத்தான் திட்டம் போட முடியும்.

சரி, மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காகத் தன் நிலத்தில் ஏன் கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும்?

ஏற்க மாட்டார். சும்மா கேட்டால் நானும் ஏற்க மாட்டேன். இந்த விஷயத்தில் நியூயார்க் நகரத்தைப் பாருங்கள். அதன் குடிநீரில் பெரும்பகுதி தொலைவில் இருக்கும் கேட்ஸ்கில், டெலவேர் வடிநிலங்களிலிருந்து வருகிறது. அங்கே இருப்பது பால் பண்ணைகளும் சின்னச் சின்ன ஊர்களும். தண்ணீரை வடிகட்டு, இல்லையென்றால் வடிநிலத்தைப் பாதுகாக்கிறேன் என்று நிரூபி என 1989-ல் அமெரிக்க மத்திய அரசின் விதி வந்தது. வடிகட்டும் ஆலை கட்டப் பல நூறு கோடி டாலர் வேண்டும். நகரம் முதலில் செய்தது என்ன தெரியுமா? மேல் ஊர்க்காரர்களுக்குக் கடுமையான விதிகளை எழுதி நீட்டியது. அணை கட்டுவதற்காக ஊர்களையே காலி செய்த பழைய வடு அங்கே ஆறியிருக்கவில்லை, அப்புறம் சண்டைக்குக் கேட்பானேன்.

பல வருடப் பேச்சுக்குப் பிறகு 1997-ல் ஒப்பந்தம் ஆனது. வீட்டுக் கழிவுத் தொட்டிகளைச் சரிசெய்ய, ஊர்க் கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்த, மாடுகள் ஓடைக்குள் இறங்காமல் வேலி போட, சாணத்தைச் சேர்த்து வைக்க இடம் கட்ட, எல்லாவற்றுக்கும் நகரம் பணம் தரும். நிலம் வாங்கினாலும் விற்கச் சம்மதிப்பவரிடம் மட்டுமே, சந்தை விலைக்கு. அந்த மலைத் தண்ணீர் இன்றும் வடிகட்டாமல், கிருமிநீக்கம் மட்டும் செய்துதான் குழாயில் வருகிறது. எல்லாம் சுமுகம் என்று சொல்லவில்லை. நகரம் நிலத்தை வாங்கிக் குவித்தால் எங்கள் ஊர் எப்படி வளரும் என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆறு கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்தடி நீரை எப்படிப் பங்கு போடுவது?

கஷ்டம்தான், ஆனால் நடந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்கும் பிரான்ஸின் ஓத் சாவ்வா மாவட்டத்துக்கும் அடியில் ஒரே நீர்த்தேக்கப் படிவம், அதாவது தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் மண் அடுக்கு. இரண்டு பக்கமும் இறைத்ததில் 1960, 70-களில் மட்டம் சரசரவென்று இறங்கியது. 1978-ல் இரண்டு பக்கத்து உள்ளூர் நிர்வாகங்களே உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. ஆர்வ் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து பூமிக்குள் இறக்கும் நிலையத்தை ஜெனீவா கட்டியது. பிரான்ஸ் பக்கம் வருடத்துக்கு 50 லட்சம் கனமீட்டர் வரை எடுக்கலாம், அதில் 20 லட்சம் இலவசம், அதற்கு மேல் போனால் தண்ணீரைப் பூமிக்குள் இறக்கும் செலவில் பங்கு தர வேண்டும். இலவசப் பங்கு ஒன்றை வைத்தார்கள் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான். காலங்காலமாக இறைத்துக்கொண்டிருந்தவரை, இனி ஒவ்வொரு சொட்டுக்கும் காசு கொடு என்று சொன்னால் அவர் எழுந்து போயிருப்பார்.

வெள்ளத்துக்கு? கரையை உயர்த்தினால் முடிந்ததல்லவா?

உங்கள் கரை உயர்ந்தால் தண்ணீர் கீழ் ஊருக்குக் கூடுதல் வேகத்தில் போகும், அவ்வளவுதான். நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தின்போது சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னால் நகர்த்துவது, பக்கவாட்டில் புதுக் கால்வாய் வெட்டுவது என்று ஆற்றை அகலப்படுத்தினார்கள். ஓவர்டீப் என்ற தாழ்நிலப் பகுதியில் விவசாயிகளே, எங்கள் நிலத்தில் வெள்ளம் ஏறட்டும், வீட்டையும் தொழுவத்தையும் மண்மேடு எழுப்பி அதன்மேல் கட்டிக்கொள்கிறோம் என்று யோசனை சொன்னார்கள். எல்லாருக்கும் அங்கே இடமில்லை, சிலர் வேறு இடம் போனார்கள்.

எங்கள் பகுதியில் இப்படி ஆரம்பிக்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்வது?

முதல் கூட்டத்திலேயே பங்கு பிரிக்க உட்காராதீர்கள், அடிதடியில் முடியும். ஓடையில் ஒரு அளவுகோல், சில கிணறுகளில் நீர்மட்டக் குறிப்பு, மோட்டார்களுக்கு மீட்டர். மேல் ஊர்க்காரர் ஒருவரும் கீழ் ஊர்க்காரர் ஒருவரும் சேர்ந்து போய் அளவெடுத்து, ஒரே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடட்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அப்படி எழுதிய பிறகு கூட்டம் போடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நிலம் வைத்திருப்பவரை மட்டும் கூப்பிட்டுவிட்டு, குடம் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்களை விட்டுவிடாதீர்கள்.