ஸ்டுட்கார்ட் மேட்டுக்கு எந்த இ-பைக்? பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டது இதுதான்: ஸ்டுட்கார்ட்ல வேலைக்குச் சேர்ந்தாச்சு. ரூம் ஊருக்கு நடுவுல, ஆபீஸ் மேல ஃபைஹிங்கன்ல, ஒரு பக்கம் 9 கிமீ. ஊர்ல ஓலா ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கம். ஆன்லைன்ல 1000 வாட், த்ராட்டில் (கையால முறுக்கற ஆக்ஸிலரேட்டர்) வெச்ச குண்டு டயர் இ-பைக் 900 யூரோவுக்கு வருது. கடைக்குப் போனா 250 வாட் பைக்குக்கு 2,800 சொல்றாங்க. வாட் கால்வாசி, விலை மூணு மடங்கு, இது என்ன கணக்கு? பேசாம ஓசூர்ல 30,000 ரூபாய்க்கு ஒரு இ-சைக்கிள் வாங்கி ஃப்ளைட்ல கொண்டு வந்துடலாமா? கையில இருக்கிறது 1,500 யூரோ.

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சுடலாம்: கொண்டு வர முடியாது. விமானத்துல பயணி எடுத்துட்டுப் போற லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-அவர். ஏர்லைன் தனியா அனுமதி கொடுத்தா 160. ஊர்ல விக்கிற சின்ன இ-சைக்கிள் பேட்டரியே 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர்னா பெருக்கிப் பாருங்க, 280 வாட்-அவர் வந்துடும். பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டு சைக்கிளை மட்டும் கொண்டு வந்தா, அதுக்குப் பொருந்தற பேட்டரிக்கு இங்க எங்க போவீங்க?

இனி வாட் கணக்கு. நம்ம நாட்டுல 250 வாட், 25 கிமீ வேகத்துக்குள்ள இருந்தா த்ராட்டில் வண்டியைக்கூட லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாம ஓட்டலாம். அதே நினைப்புல இங்க வாங்கினா மாட்டிக்குவீங்க. ஜெர்மனியில சைக்கிள்னு ஒத்துக்கிறது பெடலெக்கை மட்டும்தான். மோட்டாரோட தொடர் சக்தி 250 வாட்டுக்கு மேல போகக் கூடாது, நீங்க பெடல் மிதிச்சாத்தான் மோட்டார் உதவணும், 25 கிமீ வேகத்துல உதவி நின்னுடணும். மிதிக்காம ஓட விடறது 6 கிமீ வரைக்கும்தான், அதுவும் தள்ளிக்கிட்டு நடக்கிறதுக்கு. இதைத் தாண்டினா அது மோட்டார் வண்டி. அனுமதிச் சான்றும் இன்சூரன்ஸ் ப்ளேட்டும் இல்லாம ரோட்டுல ஓட்டினா அபராதத்தோட போகாது, கிரிமினல் வழக்கு. விசாவுல இருக்கிறவங்களுக்கு இது தேவையே இல்லாத தலைவலி. விற்பனைப் பக்கத்துல கீழ ஒரு ஓரமா 'தனியார் நிலத்தில் மட்டும்'னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, பாருங்க. 45 கிமீ போற எஸ்-பெடலெக் சட்டப்படி சரியான வண்டிதான், ஆனா இன்சூரன்ஸ் ப்ளேட், ஹெல்மெட், ஏஎம் வகுப்பு (மொபெட்) லைசென்ஸ் எல்லாம் வேணும். சைக்கிள் பாதையில விடமாட்டாங்க. உங்க இந்திய லைசென்ஸ் இங்க குடியேறி ஆறு மாசம் வரைக்கும்தான் செல்லும். அதை விட்டுடுங்க.

ஆக, கடையில இருக்கிற எல்லா வண்டியிலயும் 250 வாட்னுதான் எழுதியிருக்கும். 1,200 யூரோ வண்டியிலயும் அதான், 6,000 யூரோ வண்டியிலயும் அதான். வாட்டை வெச்சு ஒப்பிடறதுல பிரயோஜனமே இல்லை. பார்க்க வேண்டியது டார்க், அதாவது மோட்டாரோட முறுக்கு விசை, நியூட்டன்-மீட்டர்ல சொல்வாங்க. பாஷ் மோட்டார்ல ஆக்டிவ் லைன்னா 40, ஆக்டிவ் லைன் ப்ளஸ்னா 50, பெர்ஃபார்மன்ஸ் லைன்ல 75, சிஎக்ஸ்ல 85. ஷிமானோ இ6100ல 60, இபி8ல 85. சமதரையில 40 தாராளம். ஸ்டுட்கார்ட் ஒரு பள்ளத்துக்குள்ள இருக்கிற ஊர். ரயில் நிலையத்துல இருந்து ஃபைஹிங்கனுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் உயரம் ஏறணும், தினமும் தொப்பூர் கணவாயை சைக்கிள்ல ஏறற மாதிரின்னு வெச்சுக்குங்க. உங்களுக்கு 50 குறைந்தபட்சம், 60க்கு மேல இருந்தா நிம்மதி.

அதைவிட முக்கியம், மோட்டார் எங்க உட்கார்ந்திருக்குங்கிறது. முன் சக்கரத்துல இருந்தா விலை குறைவு. ஆனா அக்டோபர், நவம்பர்ல ரோடு முழுக்க ஈர இலை கிடக்கும். மேடு ஏறும்போது எடை பின்னாடி சாயும், முன் சக்கரம் பிடிப்பு இல்லாம சுத்தும். பின் சக்கரத்தோட நடுவுல வர்ற ஹப் மோட்டார் பரவாயில்லை, சத்தம் கம்மி, செயினுக்கும் பாரம் கம்மி. அதுக்குப் பிரச்சினையே நீளமான ஏற்றம்தான். ஹப் மோட்டாருக்கு சைக்கிளோட கியர் உதவாது. சக்கரம் மெதுவா சுத்தும்போது மோட்டாரும் மெதுவாத்தான் சுத்தும், போற கரன்ட்ல பெரும்பகுதி சூடாப் போயிடும். சூடு ஏறினா கன்ட்ரோலர் தானே சக்தியைக் குறைச்சுடும், பாதி மேட்டுல வண்டி சோர்ந்துடும். மிட் மோட்டார், அதாவது பெடல் கிராங்க் இருக்கிற இடத்துல வர்றது, கியர் வழியா வேலை செய்யும். கியரைக் குறைச்சா மோட்டார் தனக்குத் தோதான வேகத்துல சுத்திக்கிட்டே ஏறும். விலை வித்தியாசத்துல பாதி இங்கதான் இருக்கு. இதுக்கு ஒரு செலவும் உண்டு: உங்க மிதியும் மோட்டாரோட இழுப்பும் சேர்ந்து ஒரே செயின்ல விழறதால செயின் சீக்கிரம் நீளும். செயின் அளவுகோல்ல 0.75 சதவீதம் காட்டினதும் மாத்திடுங்க. செயினுக்கு 30 யூரோ போல ஆகும். தள்ளிப் போட்டா பின்னாடி இருக்கிற பல்சக்கரக் கொத்தையும் சேர்த்துத் தின்னுடும்.

சென்சாரையும் கேளுங்க. மலிவு வண்டியில பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும் பார்க்கிற சென்சார் இருக்கும். கால் வெச்சு அரைச் சுத்து கழிச்சு மோட்டார் திடீர்னு இழுக்கும், நிறுத்தின பிறகும் ஒரு கணம் தள்ளும். மேட்டுல சிக்னல்ல நின்னு கிளம்பும்போது அந்த அரைச் சுத்துதான் ஆளைக் கவிழ்க்கும். டார்க் சென்சார் இருந்தா எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீங்களோ அதுக்கேத்த உதவி உடனே வரும்.

பேட்டரிக்கு ஆம்பியர்-அவரை மட்டும் சொன்னா ஏத்துக்காதீங்க, வோல்ட்டோட பெருக்கி வாட்-அவர்ல கேளுங்க. ஓலா ஸ்கூட்டர்ல 2 கிலோவாட்-அவர், அதுக்கு மேலயும் இருக்கும், இங்க 400, 500, 625, 800 வாட்-அவர்தான். அது போதுமான்னு உங்க வழிக்கே கணக்குப் போடலாம். நீங்க 75 கிலோ, வண்டி 25, பை 10, மொத்தம் 110 கிலோ. 200 மீட்டர் தூக்க 60 வாட்-அவர் வேலை. அதுல மூணுல ரெண்டு பங்கை மோட்டார் செய்யுதுன்னு வெச்சா 40. மோட்டார்ல வீணாகிறதையும் சேர்த்தா பேட்டரியில இருந்து 55 போகும். காத்து, டயர் உராய்வுக்கு இன்னொரு 40, 50. காலையில ஏற 100 வாட்-அவர், சாயங்காலம் இறங்க அதுல கால்வாசி கூட ஆகாது. 400 பேட்டரியே மூணு நாள் வரும். டர்போ மோடுலயே போனா ரெண்டு நாள். குளிர்காலத்துல இன்னும் ஒரு கால் பங்கு குறையும். அப்படிப் பார்த்தாலும் 500க்கு மேல காசு கொட்ட அவசியமில்லை. கடைக்காரர் போர்டுல '120 கிமீ'ன்னு எழுதியிருந்தா அது சமதரை, எக்கோ மோடு, ஒல்லியான ஆள், வெயில் நாள். முழு சார்ஜுக்கு மின்செலவு 20 சென்ட்தான், அதைப் பத்திக் கவலை வேண்டாம்.

பேட்டரி கழட்ட வருதான்னு கட்டாயம் பாருங்க. இங்க பழைய கட்டடங்கள்ல லிஃப்ட் இருக்காது. 25 கிலோ வண்டியை நாலாவது மாடிக்குத் தூக்க முடியாது, வண்டி கீழ்த்தள கெல்லர்ல நிக்கும், மூணு கிலோ பேட்டரியை மட்டும் கையில எடுத்துட்டுப் போய் ரூம்ல சார்ஜ் போடணும். பனியில நின்னு வந்த பேட்டரியை உடனே சார்ஜர்ல மாட்டாதீங்க, ரூம் சூட்டுக்கு வரட்டும். ஊருக்கு ஒரு மாசம் லீவுல போறதா இருந்தா 30 முதல் 60 சதவீத சார்ஜுல விட்டுட்டுப் போங்க. ஃபுல்லாவும் வேண்டாம், காலியாவும் வேண்டாம்.

அந்த 900 யூரோ வண்டியில உண்மையான நஷ்டம் ரெண்டாவது வருஷம்தான் தெரியும். பேட்டரி போச்சுன்னா வாரன்டிக்கு அனுப்பணும்னு சொல்வாங்க. லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு வகை. பழுதானதைச் சாதாரண பார்சல்ல போடவே கூடாது. பக்கத்து சைக்கிள் கடைக்குத் தள்ளிட்டுப் போனா, அவங்க விக்காத, பேர் தெரியாத மோட்டாரைத் தொடமாட்டாங்க. ப்ரேக் கட்டை மாத்தக்கூடத் தயங்குவாங்க, ஏதாவது ஆனா பொறுப்பு அவங்க தலையில விழும். பாஷ், ஷிமானோ, யமஹா மோட்டார்னா எந்த ஊருக்கு வேலை மாறினாலும் கணினியை மாட்டிப் பார்த்து பிழை என்னன்னு சொல்ல ஒரு கடை இருக்கும். நீங்க கொடுக்கிற கூடுதல் காசுல ஒரு பங்கு அதுக்கும்தான். சீன விலைக்கும் இங்கத்திய விலைக்கும் நடுவுல இன்னொரு காரணமும் இருக்கு. சீனாவுல செஞ்ச இ-பைக்குகளுக்கு 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 18.8 முதல் 79.3 சதவீதம் வரைக்கும் கூடுதல் வரி போடுது. நேரா அங்கிருந்து வரவழைச்சா அந்தச் சுமை உங்க வாசல்ல வந்து நிக்கலாம்.

ஓசூர் பேரை இங்க கேட்க முடியாதுன்னு நினைச்சுடாதீங்க. ஓசூர் டிவிஎஸ் 2022ல, இ-பைக் விக்கிற ஸ்விஸ் இ-மொபிலிட்டி குரூப்போட பெரும்பங்கை வாங்கிச்சு. ஆனா அவங்க வித்தது ஸ்விட்சர்லாந்து வண்டி, ஸ்விட்சர்லாந்து விலையில. உங்க பட்ஜெட்டுக்கு ஆகாது.

சரி, 1,500க்கு என்ன கிடைக்கும்? ஜெர்மனியில 2023ல வித்த இ-பைக்கோட சராசரி விலை 2,950 யூரோ, 2024ல 2,650. கொரோனா சமயத்துல அளவுக்கு மீறி ஆர்டர் போட்ட சரக்கு தேங்கி, விலை இறங்கிடுச்சு. புதுசுல 1,500க்கு பெரும்பாலும் ஹப் மோட்டார்தான் மாட்டும். என் அபிப்பிராயம், உங்க மேட்டுக்குப் புது ஹப் மோட்டாரைவிட, கடையில விக்கிற ரெண்டு மூணு வருஷப் பழைய மிட் மோட்டார் மேல். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் தேடுங்க, வசந்தம் வந்தா விலை ஏறிடும். கடையில வாங்கினா பழைய வண்டிக்கும் ஒரு வருஷப் பொறுப்பு அவங்களுக்கு உண்டு. தனியார்கிட்ட வாங்கினா, விக்கிறவர் 'பொறுப்பு கிடையாது'ன்னு ஒரே வரியில கழண்டுக்கலாம்.

பழசு எடுக்கிறதா இருந்தா, பாஷ் வண்டியில பேட்டரி எத்தனை முழுச் சுற்று சார்ஜ் ஆகியிருக்குன்னு கடைக்காரர் கணினியில எடுத்துக் காட்டச் சொல்லுங்க. பாஷ் பேட்டரிக்குக் கொடுக்கிற வாரன்டியே ரெண்டு வருஷம் அல்லது 500 சுற்று, எது முதல்ல வருதோ அதுவரைக்கும்தான். 150, 200 சுற்று ஓடினது நல்ல வண்டி. புது 500 பேட்டரி 500 முதல் 800 யூரோ வரைக்கும் ஆகும், அதைப் பழைய வண்டியோட விலையில மனசுல கூட்டிக்கிட்டுப் பேரம் பேசுங்க. 2022 மாடல்ல இருந்து பாஷ் 'ஸ்மார்ட் சிஸ்டம்'னு மாத்திடுச்சு. அதுக்கு முந்தின வண்டியில புது வகை பேட்டரி வேலை செய்யாது, புதுசுல பழசும் செய்யாது. உபரி பேட்டரி மலிவா கிடைக்குதுன்னு வாங்கறவங்க மாட்டறது இங்கதான். ஸ்மார்ட் சிஸ்டம் வண்டின்னா, விக்கிறவர் தன் போன்ல இருக்கிற பாஷோட ஃப்ளோ ஆப்ல இருந்து அந்த வண்டியை உங்க கண் முன்னாடி நீக்கணும். நீக்காம பூட்டுப் போட்டிருந்தார்னா மோட்டார் உதவி வராது, வெறும் 25 கிலோ சைக்கிள்.

கம்பெனி வழியா லீசிங், அதான் ஜாப்ராட் மாதிரி திட்டம், உங்க ஆபீஸ்ல இருக்கான்னு ஹெச்ஆர்ல கேளுங்க. இருந்தா 1,500 வரம்பே போயிடும். வரிக்கு முந்தின சம்பளத்துல இருந்து 36 மாசம் பிடிப்பாங்க, பட்டியல் விலையில மாசம் 0.25 சதவீதத்தை மட்டும் உங்க வருமானமா கணக்குல சேர்ப்பாங்க. 3,000 யூரோ வண்டிக்கு அது 7.50 யூரோ. முடிவுல வழக்கமா பட்டியல் விலையில 18 சதவீதம் போலக் கட்டி வண்டியை சொந்தமாக்கிக்கலாம். இன்சூரன்சும் பெரும்பாலும் அதுலயே வரும். ப்ரோபேஷன் முடியாம கொடுக்க மாட்டாங்க. நடுவுல வேலை மாறினா மீதியை யார் கட்டறதுன்னு ஒப்பந்தத்துல படிச்சுக்குங்க. ஒரு விஷயம் பலருக்குத் தோணறதில்லை: இதுல மொத்தச் சம்பளம் காகிதத்துல குறையும். உங்க சம்பளம் ப்ளூ கார்டு (வேலை விசா) கேட்கிற குறைந்தபட்ச வரம்பை ஒட்டி இருந்தா, கையெழுத்துக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட எழுத்துல பதில் வாங்கிக்குங்க.

ப்ரேக் ஹைட்ராலிக் டிஸ்க்தான், பேச்சே இல்லை, சாயங்காலம் இறக்கம் முழுக்க அதை நம்பித்தான். மட்கார்டு, ஸ்டாண்ட், பேட்டரியில எரியற லைட் எல்லாம் சேர்ந்தே வர்ற ட்ரெக்கிங் மாடல் எடுங்க. மலை பைக்குல இதெல்லாம் தனியா மாட்டப் போனா 150 யூரோ போயிடும்.

பூட்டுக்கு வண்டி விலையில பத்துல ஒரு பங்கை ஒதுக்குங்க. வீட்டுப் பொருள் இன்சூரன்ஸ்ல சைக்கிள் திருட்டைச் சேர்க்கலாம், ஆனா பழைய பாலிசிகள்ல ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை வெளிய நிறுத்தியிருந்தா காசு கிடையாதுன்னு ஒரு ஷரத்து இருக்கும். அது இல்லாத பாலிசியைக் கேட்டு வாங்குங்க. ஃப்ரேம் நம்பர் இல்லாம போலீஸ் புகார் நகராது.

வாங்கறதுக்கு முன்னாடி கடை வாசல்ல ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துடாதீங்க. நல்ல மேடு ஒண்ணைக் கேட்டு ஏறுங்க, பாதியில நிறுத்துங்க, இருக்கிறதுலயே குறைஞ்ச கியர்ல கிளம்பிப் பாருங்க. பிறகு 25க்கு மேல மிதிச்சுப் பாருங்க, உதவி நின்னதும் சில மோட்டார் காலைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி கனக்கும். மழை கொட்டற நாள்ல மரியன்பிளாட்ஸ்ல இருந்து டெகர்லோக் ஏறற பல்சக்கர ரயில் இருக்கு, முன்னாடி ஒரு தனிப் பெட்டியில சைக்கிளை ஏத்திக்குவாங்க, மேல ஏறும்போது மட்டும். டெகர்லோக்ல இருந்து ஃபைஹிங்கனுக்கு மிதி கம்மி.