வகுப்புக்கே வர வேண்டாம் என்கிற கல்லூரியில் சேரலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பிளஸ் டூ முடித்து, மூன்றரை வருஷ ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்து, 2012-ல் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தேன். திருச்செங்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். கணவர் போர்வெல் ரிக் வண்டியில் போகிறார். வருஷத்தில் பாதி நாள் வெளி மாநிலம்தான். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. மாமியார் பார்த்துக்கொள்கிறார். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் (ஜி.என்.எம். படித்தவர்களுக்கான பட்டப்படிப்பு) முடித்து, எம்.எஸ்சி.யும் படித்து, நர்சிங் மாணவர்களுக்குக் கற்பிக்கும் டியூட்டராகப் போக ஆசை. எங்கள் ஊருக்கு வந்து போகும் ஒருவர், “வெளி மாநிலத்தில் கல்லூரி இருக்கிறது, வகுப்புக்கு வரத் தேவையில்லை, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், மொத்தம் 1,80,000 ரூபாய்” என்கிறார். இனிமேல் ஜி.என்.எம். செல்லாது என்றும் சொல்கிறார். முன்பணம் 10,000 கேட்டிருக்கிறார். சான்றிதழ் ஒரிஜினல்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக முடியாத எனக்கு வேறு வழி இருக்கிறதா?

பதில்: வழி இருக்கிறது சிஸ்டர். அதற்கு முன்னால் உங்கள் ஒரிஜினல்களைத் திருப்பி வாங்குங்கள். நாளைக்கே.

சேர்க்கையின்போது ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவிப்பே வெளியிட்டது. கல்லூரிக்கே இல்லாத உரிமை தரகருக்கு எங்கிருந்து வந்தது? தனியாகப் போகாதீர்கள். வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். “கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன்” என்றால் எந்தக் கல்லூரி, எந்தத் தேதி, கூரியர் ரசீது எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இப்படிப் போன சான்றிதழை மீட்க, சேராத படிப்புக்குப் பணம் கட்டிய சிஸ்டர்களை எனக்குத் தெரியும். முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது அந்தப் பயமுறுத்தல். ஜி.என்.எம். படிப்பை நிறுத்திவிட்டு எல்லாப் பள்ளிகளையும் பி.எஸ்சி.க்கு மாற்றும் திட்டம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் இந்திய நர்சிங் கவுன்சிலில் இருந்தது உண்மை. பிறகு ஜி.என்.எம். படிப்பைத் தொடரலாம் என்றாகிவிட்டது. அந்தப் பேச்சும் இனிமேல் சேரப்போகிறவர்களைப் பற்றியது. 2012-ல் பதிவு செய்த உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2023-ல் தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டம் நிறைவேறியதிலிருந்து தரகர்களுக்குப் புதிதாக ஒரு பேச்சு கிடைத்திருக்கிறது: “புதுச் சட்டம் வந்துவிட்டது, டிப்ளமோ போய்விடும்.” ஏற்கெனவே பதிவு பெற்ற செவிலியரின் பதிவைப் பறிக்க வந்த சட்டம் இல்லை அது. உங்கள் பதிவைக் காலத்தில் புதுப்பித்து வையுங்கள், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரெகுலர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்பது இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. ஒவ்வொரு பாடத்திலும் தியரி, பிராக்டிகல் இரண்டிலும் 80 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் நூறு சதவீதம் முடிந்திருக்க வேண்டும். இது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. கர்நாடகத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று கிடையாது. ஆக, “வர வேண்டாம்” என்று ஒரு கல்லூரி சொல்கிறது என்றால், நீங்கள் வந்ததாக அங்கே யாரோ வருகைப் பதிவேட்டில் எழுதப் போகிறார்கள் என்று பொருள். நீங்கள் போடாத ஊசிக்கும் பார்க்காத பிரசவத்துக்கும் கேஸ் புக்கில் உங்கள் பெயரில் கையெழுத்து இருக்கும்.

“எல்லாரும்தான் செய்கிறார்கள், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்” என்று கேட்பீர்கள். கண்டுபிடிக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. உங்கள் ஃபைலே சொல்லிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து ஃபைலை எடுத்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, தமிழ்நாட்டு மருத்துவமனை கொடுத்த அனுபவச் சான்றிதழ்: மூன்று வருஷம் இடைவிடாமல் முழுநேர ஸ்டாஃப் நர்ஸ். இன்னொன்று வெளி மாநிலத்துப் பட்டத்தின் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படிப்பு விவரத் தாள்: அதே மூன்று வருஷத்துக்குள் இரண்டு வருஷம் ரெகுலர் மாணவி. இரண்டிலும் சீல் உண்மை, கையெழுத்து உண்மை. வளைகுடா வேலைக்காகச் சரிபார்ப்பு நிறுவனம் இரண்டு இடத்துக்கும் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறது. இரண்டு இடமும் “ஆமாம், எங்களிடம்தான் இருந்தார்” என்று பதில் எழுதியிருக்கின்றன. அதோடு முடிந்தது. பட்டத்தைக் காட்டினால் அனுபவம் பொய்யாகிறது, அனுபவத்தைக் காட்டினால் பட்டம் பொய்யாகிறது. பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருப்பதால் வேலை பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நகையை அடகு வைத்துக் கட்டிய பீஸ் அது. பேசி முடிக்கும் வரைக்கும் அந்தச் சிஸ்டர் மார்க்‌ஷீட்டின் லேமினேஷன் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

வெளி மாநிலத்துக் கல்லூரி என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. அங்கேயே தங்கி, வகுப்புக்குப் போய்ப் படிக்கிறவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. எந்தக் கல்லூரியானாலும் மூன்றைப் பாருங்கள்: அந்தக் கல்வியாண்டுக்கான இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் கல்லூரியின் பெயரும் போஸ்ட் பேசிக் இடங்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா, அந்த மாநில கவுன்சில் ஏற்றிருக்கிறதா, பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா. தரகர் செல்போனில் காட்டும் படத்தை நம்பாதீர்கள். பழைய வருஷத்துப் பட்டியலைக் காட்டுவது அவர்களுக்கு வாடிக்கை.

சரி, உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும்? இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். வேலையில் இருக்கும் செவிலியருக்கென்றே வைத்த படிப்பு அது. பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்து, பதிவுக்குப் பிறகு இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. குறைந்தது மூன்று வருஷம் ஆகும். சம்பளம் நிற்காது, பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள், வேலைத் தேதியும் படிப்புத் தேதியும் முட்டாது, ஏனென்றால் வேலையில் இருந்துகொண்டு படிப்பதுதான் அதன் விதியே.

ஆனால் “தபாலில் படிப்பு” என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பிராக்டிகல் வகுப்புகளுக்கு ஒதுக்கிய மருத்துவமனைக்கு நேரில் போயே ஆக வேண்டும், லீவு தேவைப்படும். ஒவ்வொரு மையத்திலும் இடம் கொஞ்சம்தான். சென்னை, மதுரை மண்டல மையங்களில் எதற்காவது போன் செய்து, இந்தப் படிப்புக்கு இந்த வருஷம் உங்கள் பக்கம் எந்த மையம் நடக்கிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன், சீட் வாங்கித் தருகிறேன் என்று இதற்கும் ஆட்கள் முளைத்திருக்கிறார்கள். நுழைவுத் தேர்வு மார்க்கை யாரும் வாங்கித் தர முடியாது.

இரண்டாவது வழி, ரெகுலர் படிப்பு. அரசு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு விண்ணப்பம் கேட்கும். தனியாரில் பீஸ் அதிகம். 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. சம்பளம் இல்லாமல் இரண்டு வருஷம் ஓட்ட முடியும், மாமியாருக்கு உடம்பு ஒத்துழைக்கும் என்றால் மட்டும் இதை யோசியுங்கள்.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும்படி, ஷிப்டுக்குப் பிறகு வகுப்பு வைத்து, அதே வார்டிலேயே பிராக்டிகல் நடத்தினால் எத்தனை சிஸ்டர்கள் படிப்பார்கள்! செய்யமாட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் தரகன் உட்கார்ந்திருக்கிறான். சம்பளத்தையும் பாருங்கள்: 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் பரிந்துரைத்தது. இன்றைக்கும் அதற்குக் கீழே வாங்கிக்கொண்டு நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! அந்தச் சம்பளத்திலிருந்துதான் தரகருக்கு 1,80,000 போகிறது.

டியூட்டர் ஆசைக்கு வருகிறேன். டியூட்டர் வேலைக்கு எம்.எஸ்சி. இருந்தால் நல்லது, ஆனால் பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யோடு ஒரு வருஷ அனுபவம் இருந்தாலும் கவுன்சில் விதி ஏற்கிறது. அதற்கு மேலே ஏறத்தான் எம்.எஸ்சி. கட்டாயம். ஆகவே முதல் படியிலேயே உங்களுக்கு வாசல் திறக்கிறது.

எம்.எஸ்சி. சேர்வதைப் பற்றி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர்களின் இரண்டாவது வசூல் இங்கேதான் நடக்கிறது. பி.எஸ்சி.யில் மொத்தம் 55 சதவீத மார்க்கும், ஒரு வருஷ வேலை அனுபவமும் இருந்தால்தான் எம்.எஸ்சி. சேரலாம். நேரடியாக நான்கு வருஷ பி.எஸ்சி. படித்தவர்களுக்கு அந்த ஒரு வருஷம் பட்டத்துக்குப் பிறகு வந்திருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் படித்தவர்களுக்கு அப்படி இல்லை. படிப்புக்கு முன்னால் வேலை பார்த்த வருஷமும் கணக்கில் வரும், பின்னால் வேலை பார்த்த வருஷமும் வரும். எது இருந்தாலும் போதும். நீங்கள் 2012-லிருந்து ஐ.சி.யூ.வில் நின்றீர்களே, அதில் ஒரே ஒரு வருஷத்துக்கு முறையான சான்றிதழ் இருந்தால் இந்த நிபந்தனை முடிந்தது. “போஸ்ட் பேசிக் முடித்த பிறகு இன்னும் ஒரு வருஷம் காட்ட வேண்டும், அந்த அனுபவச் சான்றிதழுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், 25,000 ஆகும்” என்று யாராவது சொன்னால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பொருளை உங்களுக்கே விற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், தேவையே இல்லாமல் பொய்ச் சான்றிதழ் வாங்கி, பத்து வருஷ நல்ல ஃபைலைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரிஜினல் அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி அல்லது “இன்றுவரை”, எந்த வார்டு, எத்தனை படுக்கை என்று எழுதி வாங்கி வையுங்கள்.

55 சதவீதத்தையும் மறக்காதீர்கள். பாஸ் ஆனால் போதும் என்று படித்துவிட்டு, 53-ல் நின்று எம்.எஸ்சி. கதவு மூடிப்போனவர்கள் நிறைய. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவசரமாக முடிப்பதைவிட, தேவைப்பட்டால் கூடுதலாக ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு நல்ல மார்க்கோடு முடிப்பது உங்களுக்கு லாபம்.

வீட்டு ஏற்பாட்டை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பார்த்த வரையில் ஒன்று சொல்கிறேன். படிக்கும் சிஸ்டர்களை முறிப்பது பாடம் இல்லை, டியூட்டி ரோஸ்டர். நைட் முடித்து வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். சேருவதற்கு முன்னாலேயே உங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் பேசி, மாதத்துக்கு எத்தனை நைட், பிராக்டிகல் நாட்களுக்கு எப்படி லீவு, படித்து முடித்தால் சம்பளம் எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் வாங்கப் பாருங்கள். பட்டத்துக்கு ஒரு பைசா ஏற்றித் தராத மருத்துவமனைகளும் உண்டு, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் சட்டம். உங்கள் மகளுக்காக அதையும் கேளுங்கள். கேட்காததால்தான் பல இடங்களில் இல்லாமலே இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன வேலை, இந்த வாரமே முடித்துவிடலாம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஜி.என்.எம்., கவுன்சில் பதிவு, ஆதார் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். ஒன்றில் அப்பா பெயரின் இனிஷியல், ஒன்றில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல், ஒன்றில் இனிஷியல் விரிந்து முழுப் பெயராக இருக்கும். அது ஒத்துப்போகாவிட்டால் சேர்க்கையிலும், பிறகு கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பட்டத்தைப் பதியும்போதும் அலைய விடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதார் வசதி உள்ள இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுக்க ஒரு நாள் ஆஃப் போதும். ஆனால் அதற்கு அந்தப் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.